துப்பாக்கி அதிகாரிக்கு வெட்டிய கேக்

ஏவன்டேல், ஆக்லாந்து
11 பெப்ரவரி 1996

என் அன்பான டோறின்,

நான் சுகம். நீரும் ஜெசிக்காவும் மருமகனும் பேரப்பிள்ளையும் சுகமாயிருக்க வேண்டுமென்று ஒவ்வொரு ஞாயிறும் பூசையில் கேட்டுக்கொண்டிருக்கிறேன். ஆண்டவர் கேட்கிறாரோ இல்லையோ, நீர் கடிதம் போட்டால்தானே எனக்குத் தெரியவரும்.

நவம்பரில் விமானம் ஏறும்போது, மகளுக்குப் பிள்ளை பிறந்து ஆறு கிழமையில் திரும்பிவிடுவேன் என்றீர். நத்தார் போய்விட்டது. புதுவருஷமும் போய்விட்டது. இனித் தவக்காலம். நீர் வேலை செய்யும் முதியோர் இல்லத்து மேட்ரன் நியூ லின் மோலில் என்னைக் கண்டு, டோறின் வருகிறாவா, அல்லது வேறு ஆளைப் போடவா என்று கேட்டாள். அடுத்த மாதம் வருவா என்று சொல்லிச் சமாளித்தேன். பக்கத்து வீட்டு மீனாட்சி கிழமைக்கு ஒருமுறை சாம்பார் கொண்டுவந்து தருகிறாள். 'அக்கா இல்லாம வீட்டுல பேசுறதுக்கே ஆள் இல்லையே' என்று என்னைப் பார்த்துப் பரிதாபப்படுகிறாள். மதுரைக்காரி, மனம் நல்ல மனம். உப்புத்தான் போடத் தெரியாது.

அலுமாரிக்குள் இருக்கிற என்னுடைய நாலு கிழவர்களும் நலம் என்று எழுத ஆசை. நலமில்லை. 1917ஆம் ஆண்டு 303 துப்பாக்கியின் குழலுக்குள் மெல்லிய துரு விழுந்துவிட்டது. பழைய தோட்டாவில் ஒரு உப்பு இருக்கிறது, அது குழலுக்குள் தங்கினால் ஆக்லாந்து ஈரத்துக்கு விடிவதற்குள் துருப்பிடிக்கும் என்று உமக்கு எத்தனை தரம் சொல்லியிருக்கிறேன். சுட்ட அன்றைக்கே கொதிநீர் ஊற்றிக் கழுவி, காயத் துடைத்து, எண்ணெய் போட வேண்டும். கழுவி முடித்துத் துடைக்கத் தொடங்கிய நேரம் பார்த்துத் தமிழ்ப் பூசைக் கூட்டத்துக்கு வாருங்கள் என்று போன். போனேன். இரண்டு பேர் சண்டை பிடித்தார்கள், ஒன்றும் முடிவாகவில்லை. திரும்பிவந்து பார்த்தால் இந்த வேலை. கோபத்தில் அன்றிரவு நான் சாப்பிடவில்லை.

இனி முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் சுடும் கழகத்து ரோனை உமக்குத் தெரியும். படையில் இருந்து ஓய்வுபெற்ற நெட்டை மனுஷன், போன வருஷம் வீட்டுக்கு வந்து உமது மீன் கட்லட்டை ஒருவருக்கும் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டவர். அவர் முதியோர் விடுதிக்குப் போகிறார். தன்னுடைய எஸ்.எல்.ஆர். துப்பாக்கியை எனக்குத்தான் தருவேன் என்கிறார். இந்த நாட்டுப் படை பல வருஷமாகத் தூக்கித் திரிந்த துப்பாக்கி. ஒவ்வொரு பாகத்திலும் அதே இலக்கம், ஒன்றும் இடையில் மாற்றப்படவில்லை. சேர்க்கிறவர்களுக்கு அதைவிட வேறென்ன வேண்டும். இப்படி ஒன்று இனி என் கைக்கு வராது.

ஆனால் இது தானாகவே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கிற சாதி. 303க்கு வைத்திருக்கும் என் லைசென்ஸ் இதற்குப் போதாது, விசேட அனுமதி எடுக்க வேண்டும். போலீஸ் அதிகாரி வீட்டுக்கு வந்து மனைவியைத் தனியாக இருத்திக் கதைப்பார். அவளுக்கு விருப்பமில்லை என்றால் கதை அத்தோடு முடிந்தது. ரோன் உயிர்த்த ஞாயிறு மட்டும் பொறுத்திருப்பார். ஆகவே நாளைச் சொல்லும், நான் காரை எடுத்துக்கொண்டு மங்கேரி விமான நிலையத்துக்கு வந்து நிற்கிறேன்.

உமது அன்பான,
கிளெமென்ட்


ஸ்பிரிங்வேல், மெல்பேர்ன்
25 பெப்ரவரி 1996

அன்பின் ஜெசி அப்பாவுக்கு,

இங்கே எல்லாரும் சுகம். உங்கள் சுகத்தையும் அறிந்தேன். நாலு கிழவர்களின் சுகத்தையும் அறிந்தேன்.

கடிதத்தை ஜெசிக்கு வாசித்துக் காட்டினேன். அவளுக்குத் தமிழ் வாசிப்பது கஷ்டம், ஆனால் கேட்டால் விளங்கும். முழுவதையும் கேட்டுவிட்டு, அப்பா பிள்ளையின் பெயரை ஒரு இடத்திலும் எழுதவில்லையே என்று இங்கிலிசில் கேட்டாள். எனக்கு முகத்தை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. அவன் பெயர் ஜெரோஷன். போனில் சொன்னேன், நீங்கள் அப்போது எதையோ துடைத்துக்கொண்டிருந்தீர்கள், சத்தம் கேட்டது. அவனுக்கு உங்கள் காதுதான், இரண்டும் வெளியே நிற்கின்றன. உயிர்த்த ஞாயிறுக்கு அடுத்த ஞாயிறு ஞானஸ்நானம். கட்டாயம் வர வேண்டும். லீவுக்கு இப்போதே சொல்லிவையுங்கள்.

கொதிநீரை எதில் கொதிக்க வைத்தீர்கள் என்று நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும். என் கேத்திலையும் புனலையும் தொட வேண்டாம் என்று கெஞ்சியும் பார்த்தேன், ஏசியும் பார்த்தேன். உங்கள் பிறந்தநாளுக்கு வேறு கேத்தில் வாங்கித் தந்தேன், அது கராஜுக்குள் பெட்டியோடு இருக்கிறது. சாப்பாட்டு மேசை முழுக்கத் துணி, தும்பு, எண்ணெய்ப் போத்தல். துப்பாக்கிக் கட்டைகளுக்கு ஆளிவிதை எண்ணெய் பூசிக் கதிரைகளில் காயப்போடுவீர்கள். போன நத்தாருக்கு முந்தின நத்தாருக்கு, என் வெள்ளைச் சேலையோடு நான் அதில் இருந்துவிட்டு, எண்ணெய்க் கறையோடு பாதிரியாருக்கு முதுகைக் காட்டி நின்றதை மறந்துவிட்டீர்களா? நீங்கள் சிரித்தீர்கள். நான் சிரிக்கவில்லை.

இங்கே வந்த பிறகுதான் ஒரு மேசையில் வெறும் சாப்பாடு மட்டும் இருப்பதைப் பார்க்கிறேன்.

நாலு போதாதா? அந்த அதிகாரி விஷயத்தைப் பற்றி யோசித்துப் பிறகு எழுதுகிறேன். பிரஷர் குளிசையை விடாமல் போடுங்கள்.

உங்கள் அன்பு மனைவி,
டோறின்


ஏவன்டேல்
10 மார்ச் 1996

என் அன்பான டோறின்,

பிறகு என்றால் எப்போது? ரோனின் மகள் வந்து சாமான்களைப் பெட்டியில் அடுக்கத் தொடங்கிவிட்டாள். கழகத்தில் இன்னும் இரண்டு பேர் அந்தத் துப்பாக்கியின் மேல் கண் வைத்திருக்கிறார்கள். ஒருவன் பக்குரங்காவில் இருக்கிறவன், துப்பாக்கியை வாங்கி மினுக்கிச் சுவரில் கொழுவிவிட்டு விருந்தாளிகளுக்குக் காட்டுகிற ஆள். அவன் கைக்குப் போனால் பழைய கட்டையை உரஞ்சி வார்னிஷ் பூசிவிடுவான். நினைக்கவே வயிறு எரிகிறது.

உமக்கு இதில் என்ன கஷ்டம் என்று எனக்கு விளங்கவில்லை. 93இல் இதே கதைதானே. என் முதல் லைசென்சுக்கு அதிகாரி வந்தார். நான் வெளியே புல்லு வெட்டிக்கொண்டு நின்றேன். கண்ணாடிக்குள்ளால் பார்த்தேன், நீர் சிரித்துச் சிரித்துக் கதைத்தீர். தேத்தண்ணி கொடுத்தீர். நத்தார் கேக்கில் பெரிய துண்டாக வெட்டிக் கொடுத்தீர், போகும்போது மனைவிக்கென்று இன்னொரு துண்டைத் தாளில் சுற்றியும் கொடுத்தீர். ஒரு பிரச்சினையும் இல்லை, அவர் மிகவும் கவனமான ஆள் என்று நீர் சொன்னதாக அவரே என்னிடம் சொன்னார். கழகத்தில் மற்றவர்களின் மனைவிமார் முகத்தைத் தூக்கி வைத்திருந்த கதைகளைக் கேட்டு, என் மனைவி அப்படியில்லை, முழுச் சம்மதத்தோடு கேக்கும் கொடுத்தவள் என்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். இப்போது வரப்போகிறவரும் அதே மனுஷன்தான். போனில் கதைத்தார், அந்தக் கேக்கை இன்னும் மறக்கவில்லை.

அன்றைக்குச் சரியாயிருந்தது இன்றைக்கு எப்படிப் பிழையானது? கேத்திலுக்காகவா இவ்வளவும்? சரி, கேத்திலைத் தொடவில்லை. புதிதாக இரும்பு அலுமாரி வாங்கி, கராஜில் கொங்கிறீற்றோடு போல்ட் அடித்துப் பூட்டியிருக்கிறேன். தகரம் இல்லை, தடித்த இரும்பு. தோட்டா ஒரு இடம், துப்பாக்கி ஒரு இடம். உமது கண்ணிலேயே படாது.

ஜெரோஷனுக்கு என் முத்தம். ஞானஸ்நானத்துக்கு வரப் பார்க்கிறேன்.

கிளெமென்ட்


ஸ்பிரிங்வேல்
20 மார்ச் 1996

அன்பின் ஜெசி அப்பாவுக்கு,

நேராகவே எழுதுகிறேன். இதைப் போனில் சொல்லத் தொடங்கினேன், நீங்கள் நடுவில் அலுமாரி இரும்பின் தடிப்பைச் சொல்லத் தொடங்கிவிட்டீர்கள்.

அந்த அதிகாரிக்கு நான் கேக் வெட்டிக் கொடுத்தது உண்மை. அதைச் சம்மதம் என்று மூன்று வருஷமாக ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிறீர்கள். 85 தை மாதம் யாழ்ப்பாணத்தில் எங்கள் வீட்டுக்குள் வந்த ஆமிக்காரனுக்கும் நான் கேக் வெட்டிக் கொடுத்தேன். இது உங்களுக்குத் தெரியாது. சுற்றிவளைப்பு நடந்த அன்று, நீங்கள் மற்ற ஆம்பிளைகளோடு ஒழுங்கை முனையில் முழங்காலில் இருந்தீர்கள். நான் ஜெசியைப் பின்னால் மறைத்துக்கொண்டு குசினியில் நின்றேன். நத்தாருக்குச் செய்ததில் கொஞ்சம் மிச்சம் இருந்தது. அவன் தன் துப்பாக்கியை என் தையல் மெசினில் சாத்திவிட்டு நின்றபடியே சாப்பிட்டான். வீட்டில் பிரச்சினை ஏதும் உண்டா என்று அரைகுறைத் தமிழில் கேட்டான். இல்லை என்று சிரித்தேன். இன்னொரு துண்டு கேட்டான், கொடுத்தேன். அவன் சாப்பிடும் மட்டும் ஜெசியைப் பார்க்காமல் இருக்க வேண்டும், சாப்பிட்டுவிட்டுப் போக வேண்டும், அவ்வளவுதான் எனக்கு.

யூனிபோம் போட்ட ஒருவன் படியேறினால் என் வாய் தானாகவே பிரச்சினை இல்லை என்று சொல்லும். கை தானாகவே கத்தியையும் கேக்கையும் எடுக்கும். அந்த நியூசிலாந்துக்காரர் நல்ல மனுஷன். பேனையைக் கீழே வைத்துவிட்டு, நீங்கள் பயப்படாமல் உண்மையைச் சொல்லலாம் என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு இன்னும் கூடுதலாகப் பயம் வந்தது. இருபத்தைந்து வருஷம் என்னோடு குடும்பம் நடத்தியவர், நான் சிரிக்கிறேனா பயப்படுகிறேனா என்று கண்ணாடிக்குள்ளால் பார்த்தும் உங்களுக்குத் தெரியவில்லை. அதுதான் எனக்கு ஆறாத கோபம்.

303ஐப் பொறுத்துக்கொண்டேன். பள்ளிக்கூட மாணவர் படையில் கடேற்காரனாக இருந்து, அதில் குறிபார்த்துக் கோப்பை வாங்கினவர், போகட்டும் என்று மனத்தைச் சமாதானப்படுத்தினேன். ஆனால் எஸ்.எல்.ஆர். என்றால் எதுவென்று எனக்குத் தெரியாது என்றா நினைத்தீர்கள்? உங்கள் கழகப் பத்திரிகைகளில் படம் பார்த்திருக்கிறேன். தையல் மெசினில் சாத்தி நின்றது அதுதான்.

அது அந்த வீட்டுக்குள் வந்தால் நான் வரமாட்டேன். வேண்டாம் என்று ரோனிடம் சொல்லிவிடுங்கள், நான் அடுத்த பிளேனில் வருகிறேன்.

டோறின்


ஏவன்டேல்
1 ஏப்ரல் 1996

டோறின்,

பதினொரு வருஷம் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, ரோன் பெட்டி கட்டுகிற நேரம் பார்த்து எழுதுகிறீர். நான் என்ன செய்ய? அழவா, ஏசவா?

நான் முழங்காலில் இருந்ததை எழுதினீர். குழல் எங்கே இருந்தது என்று உமக்குத் தெரியாது, ஏனென்றால் நானும் சொல்லவில்லை. வலது காதுக்குக் கீழே. வெய்யிலில் நின்ற இரும்பு, சுட்டது. பின்னால் நின்றவன் சின்னப் பெடியன், அவனுக்கும் கை நடுங்கிக்கொண்டிருந்தது, அந்த நடுக்கம் குழல் வழியாக என் எலும்புக்கு வந்தது. நான் செபம் சொல்லவில்லை டோறின். இந்தச் சாமானுக்குள் என்னதான் இருக்கிறது என்று மட்டும் யோசித்துக்கொண்டிருந்தேன். நான் ஒரு பிற்றர், மெசின் கழற்றிப் பூட்டுகிறவன். கழற்றிப் பார்க்காத எதையும் எனக்கு விளங்காது.

அதை என் மேசையில் வைத்து, என் கையால் ஒவ்வொன்றாகக் கழற்ற வேண்டும். எண்ணெய் போட வேண்டும். பிறகு பூட்டி, இரும்பு அலுமாரிக்குள் தள்ளி, திறப்பை என் பொக்கற்றுக்குள் போட வேண்டும். அப்போதுதான் எனக்கு அந்த மத்தியானம் முடியும். உமக்கு அதைக் காணாமல் இருந்தால் முடிகிறது. எனக்கு அப்படி முடியவில்லை. இதை நீர் பைத்தியம் என்றால் சொல்லிவிட்டுப் போம்.

வெள்ளிக்கிழமை அதிகாரி வந்தார். மனைவி எப்போது வருவா என்று கேட்டார். உமது கடிதம் என் சட்டைப் பைக்குள் இருந்தது. என்ன சொல்வது? வாயில் வந்ததைச் சொன்னேன், நாங்கள் பிரிந்திருக்கிறோம் என்று. மனுஷன் கவலைப்பட்டு என் தோளில் தட்டினார். அப்படியானால் உங்கள் மனைவி இங்கே வரத் தேவையில்லை, மற்றதைத் தான் பார்த்துக்கொள்வதாகச் சொன்னார்.

நீர் கோபிக்கக் கூடாது. உம்மை யாரும் கரைச்சல் படுத்தாமல் அலுவலை முடித்துவிட்டேன். போலீஸ்காரர் எதைக் கேட்டால் போவாரோ அதை நீர் சொன்னீர், நானும் சொன்னேன். வெறும் சொல்தானே. கோவிலில் கட்டின தாலி ஏவன்டேல் வீட்டு வாசலில் சொன்ன ஒரு சொல்லில் அறுந்துபோகுமா?

ஞானஸ்நானத்துக்கு வர முடியாது. அதற்கு முதல் நாள் சனிக்கிழமைதான் அலுமாரியைப் பார்க்க வருகிறார்கள். மாற்றிக் கேட்டேன், முடியாது என்றார்கள். ஜெசியிடம் பக்குவமாகச் சொல்லும்.

கிளெமென்ட்


ஸ்பிரிங்வேல்
17 ஏப்ரல் 1996

கிளெமென்ட் அவர்களுக்கு,

ஞாயிற்றுக்கிழமை ஞானஸ்நானம் நன்றாக நடந்தது. பிள்ளை அழவில்லை. தாத்தா எங்கே என்று பாதிரியார் கேட்டார், வேலை என்று சொன்னேன். படத்தில் உங்கள் இடத்தில் மருமகனின் தகப்பன் நவரத்தினம் அண்ணர் நிற்கிறார். ஜெசி உங்களைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, நானும் பக்குவமாக ஒன்றும் சொல்லவில்லை.

நேற்றுக் காலை போன் வந்தது. உங்கள் அதிகாரி. பிரிந்திருந்தாலும் மனைவி வாயால் ஒருதரம் கேட்காமல் அனுமதி கொடுக்க முடியாதாம். இதை உங்களுக்கு அவர் விளக்கிச் சொல்லவில்லைப் போலிருக்கிறது, அல்லது சொல்லியும் நீங்கள் கவனிக்கவில்லை. ஜெசியின் நம்பரை உங்கள் பழைய கடதாசிகளில் இருந்து எடுத்திருக்கிறார்.

குடிப்பாரா, கை நீட்டுவாரா, யாரையாவது வெருட்டியிருக்கிறாரா என்று கேட்டார். இல்லை என்றேன். உண்மை. தோட்டா ஒன்றை வெளியே விட்டுவிட்டு நித்திரைக்குப் போகிற ஆள் இல்லை என்றும் சொன்னேன். அதுவும் உண்மை. கடைசியில் கொஞ்சம் தயங்கி, நீங்கள் இருவரும் பிரிந்திருப்பது சரிதானா என்று கேட்டார்.

இல்லை என்று சொல்லியிருக்கலாம். சொன்னால் நீங்கள் பொய் சொன்னது தெரிந்துவிடும், எஸ்.எல்.ஆர். கிடையாது, இருக்கிற நாலும் போகக்கூடும். எனக்கு வேண்டியது கையில் வந்து நின்றது. அவர் அவசரப்படுத்தவில்லை. நான் யோசித்துப் பார்த்தேன். பெப்ரவரியில் இருந்து, எப்போது வருவீர் என்று நீங்கள் கேட்ட கடிதம் எல்லாவற்றிலும் ஒரு போலீஸ்காரர் என்னைக் காணக் காத்திருக்கிறார். நான் என் வயிற்றுக்குள் இருந்ததை எழுதினேன். அது உங்கள் சட்டைப் பைக்குள் இருக்கும்போதே, என்னை இல்லாத ஆளாக்கினால் அலுவல் சுகமாக முடியும் என்று உங்களுக்குத் தோன்றியிருக்கிறது.

ஓம், சரி என்று அவரிடம் சொன்னேன். இந்த முறை பயத்தில் சொல்லவில்லை.

முதியோர் இல்லத்துக்கு நானே எழுதிவிட்டேன். மீனாட்சியோடும் கதைத்தேன், என் உடுப்புகளைப் பெட்டியில் போட்டு அனுப்புவாள். வீட்டுத் திறப்பை அவளிடம் கொடுங்கள். உங்கள் பிரஷர் குளிசை முடிகிற நேரம், டொக்டரிடம் புது மருந்துத் துண்டு எழுதி வாங்க வேண்டும்.

டோறின்


ஏவன்டேல்
12 மே 1996

டோறின்,

நான் போன் எடுத்தால் ஜெசிதான் தூக்குகிறாள். அம்மா நித்திரை என்று இங்கிலிசில் சொல்கிறாள். பகல் இரண்டு மணிக்கு நீர் எந்தக் காலத்தில் நித்திரை கொண்டீர்?

மீனாட்சி வந்தாள். பெட்டியைத் திறந்து வைத்துவிட்டு உமது உடுப்பு அலுமாரியையும் திறந்தாள். 'இது நான் செய்யுற வேலை இல்லண்ணா. நீங்களே மடிச்சுக் குடுங்க' என்று சொல்லிவிட்டுப் போய் வாசல்படியில் இருந்துகொண்டாள். நான்தான் மடித்தேன். எனக்குச் சேலை மடிக்கத் தெரியாது. கசங்கித்தான் வந்திருக்கும்.

அனுமதி கிடைத்தது. ரோன் துப்பாக்கியைத் தானே கொண்டுவந்து தந்துவிட்டுப் போனார். அவர் போன பிறகு மேசையைத் துடைத்து, துணி விரித்து, கழற்றினேன். நினைத்ததைவிடச் சுகமான வேலை. ஒரு குழல், ஒரு பிஸ்டன், சில சுருள்கள், ஒரு ஊசி. கராஜில் கிடக்கும் காற்றுப் பம்புக்குள் இதைவிடக் கூடுதலாகச் சாமான் இருக்கிறது. ஒவ்வொன்றையும் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தேன். அந்த மத்தியானம் எங்கேயும் இல்லை. திரும்பப் பூட்டி, அலுமாரிக்குள் வைத்தேன். அதற்குப் பிறகு ஐந்தில் ஒன்றையும் நான் எடுக்கவில்லை.

எனக்கு உம்மில் கோபம், டோறின். அதை எழுதத்தான் இருந்தேன். பிரிந்திருக்கிறோம் என்று சொன்னது பொய். நான் சொன்னேன், அந்த வெட்கம் எனக்கு. ஆனால் இந்த உலகத்தில் அது பொய் என்று தெரிந்த ஆள் என்னைத் தவிர நீர் ஒருத்திதான். உம்மிடம் கேட்டிருக்கிறார்கள். துப்பாக்கி போனால் போகட்டும், லைசென்ஸ் போனால் போகட்டும், பொய்க்காரன் என்று கழகத்தில் இருந்து கலைத்தால் கலைக்கட்டும். இல்லை, அவர் என் மனுஷன் என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. உமக்குப் போன் எடுத்துக் கேட்பேன் என்று அவர் அன்றைக்கே என்னிடம் சொன்னவர், என்ன சொல்லுகிறீர் என்றுதானே நானும் இங்கே இருந்தேன்.

உமது கணவன்,
கிளெமென்ட்